முதலில் எது போகும்?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் ஊற்று அது. மேலே கிடக்கும் மண்ணையும் பாறையையும் அகற்ற அகற்ற, அதை அமுக்கிப் பிடித்திருக்கும் பாரம் குறைகிறது. அந்த நீரை இறைப்பது நின்றால் சுரங்கத்தின் தரை பிளந்து, வெட்டிய பள்ளத்தைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆழ்குழாய்க் கிணறுகளில் பம்புகள் ஓடியபடியே இருக்கின்றன. 1961-ல் முதன்முதலாக நிலக்கரி வெளிப்பட்ட காலத்திலிருந்து தீபாவளி, பொங்கல், புயல் எதற்கும் அந்த ஓட்டம் நின்றதில்லை. ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்கள் மாறுகிறார்கள், அவ்வளவுதான்.

இப்படி ஓர் ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு இயந்திரத்தைப் பார்த்ததும் ‘என்ன வேகம் போகும்?’ என்பதற்கு முன்னால் ‘எத்தனை நாள் தாங்கும்?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் ஆழமானது. அதற்கு நேரடியாக விடை தேடுகிற ஒரு விளையாட்டு உலகில் இருக்கிறது. காயலான் கடைக்குப் போகவேண்டிய கார்களை எடுத்துவந்து, மணிக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டும் பந்தயம்.

அமெரிக்காவில் ஜே லாம் என்பவர் 2006-ல் கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் திடலில் இதைத் தொடங்கினார். ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ என்று பெயர். காரின் விலை 500 டாலரைத் தாண்டக்கூடாது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 23,000 ரூபாய். விலையை மறைத்திருக்கிறார்கள் என்று நடுவர்களுக்குத் தோன்றினால் அந்த அணியின் கணக்கிலிருந்து சுற்றுகளைக் கழித்துவிடுவார்கள். பெரும்பாலான போட்டிகள் சனி, ஞாயிறு இரண்டு பகலிலும் சேர்த்து 14, 15 மணி நேரம் நடக்கும். நான்கைந்து பேர் கொண்ட அணி மாறி மாறி ஓட்டும். ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்ப்பவர்கள். அதிகச் சுற்று முடித்த அணிக்கு வெற்றி. ஆனால் அங்கே எல்லோரும் பெரிதாக மதிக்கும் பரிசு முதலில் வந்தவருக்குக் கிடைப்பதில்லை. எந்த வண்டி இத்தனை தூரம் வரும் என்று யாருமே நம்பவில்லையோ, அந்த வண்டியைக் கடைசிவரை கொண்டுவந்து சேர்த்த அணிக்குத்தான் அது. இந்தப் பரிசை ஏற்படுத்தியவருக்கு இயந்திரங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதற்கு மூலமான லெ மான் பந்தயமும் தாங்கும் சக்தியைச் சோதிக்கப் பிறந்ததுதான். 1923-ல் பிரான்சில் 33 கார்கள் கிளம்பி, 24 மணி நேரம் கழித்து 30 கார்கள் ஓட்டத்தை முடித்தன. முதலில் வந்த ஷெனார்-வால்க்கர் கார் 2,209 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கூட்டிக் கழித்தால் மணிக்கு 92 கிலோமீட்டர். இன்று திண்டிவனம் சாலையில் ஒரு சாதாரண கார் போகிற வேகம்.

தமிழ்நாட்டில் காயலான் கார்களுக்கென்று தனிப் பந்தயம் நான் அறிந்து நடந்ததில்லை. ஆனால் அதன் உணர்வு இங்கே அந்நியமும் இல்லை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. காரையும் உதிரிபாகத்தையும் இறக்குமதி செய்வது அரிதான காலம். ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர் என்று சாலையில் ஓடிய கார்களே சோழவரத்திலும் ஓடின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு முறையான பந்தயப் பாதை வந்தது. அதே காலகட்டத்தில் கோவையின் கரிவர்தன், மாருதி 800 காரின் 796 சி.சி. என்ஜினை ஒரு குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். சந்தையில் யாருக்கும் கிடைக்கிற என்ஜின், எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த என்ஜின். ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது இந்தக் காரைத்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். மலிவான இயந்திரத்தை மதிக்கத் தெரிந்த ஒருவரை இந்திய மோட்டார் விளையாட்டு அன்று இழந்தது. கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயப் பாதைக்கு அவருடைய பெயர்தான்.

2006-ல் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஆட்டோரிக்‌ஷாக்களில் போகும் ஒரு நெடும்பயணப் போட்டியும் தொடங்கியது. வேகத்துக்கு அதில் இடமே இல்லை. ஆட்டோவை ஊர் போய்ச் சேர்ப்பதுதான் சாதனை.

*

பழைய கார் என்கிறோம். அதில் எது பழையது?

இந்தக் கேள்வியை மெக்கானிக்குகள் வேறு மாதிரி கேட்பார்கள்: ‘முதலில் எது போகும்?’ ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் முதுமை அடைகிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வருடம் அவற்றில் எதற்கும் சரியாகப் பொருந்தாது. இருபது வயதுக் காரில் ஐந்து வயது நிலையில் உள்ள பாகமும் இருக்கும், நாற்பது வயதுக்குத் தேய்ந்த பாகமும் இருக்கும். எது எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த அணிதான் நெடுநேரப் பந்தயத்தை முடிக்கிறது.

தேய்மானத்தை நெய்வேலியிலிருந்தே பார்க்கலாம். நிலக்கரிக்கு மேலே கிடப்பது கடலூர் மணற்பாறை. அதைத் தோண்டும் ராட்சத இயந்திரங்களின் சக்கரத்தில் வரிசையாக வாளிகள் இருக்கும். பெரிய வகையில் ஒவ்வொரு வாளியும் 1,400 லிட்டர் கொள்ளும். வாளியின் விளிம்பில் எஃகுப் பற்கள். சுரங்கத்தின் ஆரம்ப ஆண்டுகளிலிருந்தே பெரிய தலைவலியாக இருந்தவை இந்தப் பற்கள்தான். மணற்பாறை அவற்றைத் தின்றுவிடும். பாறையை முன்கூட்டியே வெடிவைத்துத் தளர்த்துவது, பற்களின் முனையில் கடினமான உலோகக் கலவையைப் பற்றவைத்து ஏற்றுவது என்று பல வழிகளைக் கையாள வேண்டியிருந்தது.

காரணம் குவார்ட்ஸ். மணலின் பெரும்பகுதி அதுதான். ஒரு பொருளின் கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவுகோலில் சாதாரண எஃகு 150 முதல் 200 வரை வரும். நன்கு கடினமாக்கிய எஃகு 700, 800 வரை போகும். குவார்ட்ஸ் 1,000-த்தைத் தாண்டும். இரண்டு பரப்புகள் உரசும்போது எது கடினமோ அது மற்றதைச் சீவும். எவ்வளவு சீவும் என்பதற்கு 1953-ல் இங்கிலாந்தின் ஆர்ச்சர்டு ஒரு எளிய சமன்பாடு கொடுத்தார். தேயும் அளவு, அழுத்தும் பாரத்துக்கும் உரசிய தூரத்துக்கும் நேர் விகிதம். தேயும் பொருளின் கடினத்துக்குத் தலைகீழ் விகிதம். டங்ஸ்டன் கார்பைடு போன்ற, குவார்ட்ஸை விடக் கடினமான பொருளைப் பல்லின் முனையில் ஏற்றினால் பல் ஏன் நீடிக்கிறது என்பதற்கு அந்தச் சமன்பாட்டிலேயே பதில் இருக்கிறது.

நெய்வேலி மந்தாரக்குப்பம் சாலையில் லாரி போனபின் எழும் செம்புழுதியில் இருப்பதும் அதே குவார்ட்ஸ். அது காரின் ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே போய் உட்காரும். சிலிண்டர் வார்ப்பிரும்பின் கடினம் 200, 250 அளவில்தான். பெரிய மணலை ஃபில்டர் பிடித்துவிடும். கண்ணுக்கே தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள தூசிதான் ஆபத்து. எண்ணெய்ப் படலத்தின் தடிமனை விட அது சற்றே பெரியது. ஆகவே இரண்டு பரப்பையும் ஒரே நேரத்தில் தொடும். கிழிந்த ஃபில்டரோடு ஓடிய காரின் சிலிண்டர், நல்ல ஃபில்டரோடு பல மடங்கு தூரம் ஓடிய காரை விடத் தேய்ந்திருக்கும். ‘என்ஜின் ஆயில் குடிக்குது, புகை தள்ளுது’ என்று பட்டறையில் சொல்வது இந்த நிலையைத்தான். ரிங் தேய்ந்து, எண்ணெய் மேலே ஏறி, பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது.

இப்படிப் புகை தள்ளும் காரைப் பார்த்ததும் ‘செத்த வண்டி’ என்று முடிவுகட்டுவோம். பந்தயக்காரர் அப்படிப் பார்ப்பதில்லை. தேய்ந்த ரிங் என்ஜினின் சக்தியைக் கொஞ்சம் குறைக்கும், எண்ணெய்ச் செலவைக் கூட்டும். பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றினால் போதும், 14 மணி நேரம் ஓடிவிடும். அது மெதுவாக வரும் முதுமை. வருவது முன்பே தெரியும். பயப்பட வேண்டியது திடீரென்று வருவதைக் கண்டு.

*

திடீர் மரணங்களில் முதலாவது, பேரிங் போவது.

கிராங்க் ஷாஃப்டும் அது சுழலும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. என்ஜின் ஓடும்போது இரண்டுக்கும் இடையே சில மைக்ரான் தடிமனுக்கு எண்ணெய் நிற்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டன் கணக்கில் வரும் அடியை அந்தப் படலம் தாங்குகிறது. எப்படி என்பது 1883 வரை யாருக்கும் தெரியாது. பீச்சம்ப் டவர் என்ற ஆங்கிலப் பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே இறங்காமல் துளை வழியாக வெளியே வந்தது. கட்டை வைத்து அடைத்தார். எண்ணெய் கட்டையை வெளியே தள்ளிவிட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் ஒரு குறுகிய இடுக்கில் திணிக்கிறது. திணிக்கப்பட்ட எண்ணெயில் பெரும் அழுத்தம் பிறக்கிறது. அச்சு அந்த அழுத்தத்தின் மேல் மிதக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றைக்கும் உலகில் ஓடும் கார் என்ஜின்கள் எல்லாம் அந்தக் கணிதப்படிதான் பிழைத்திருக்கின்றன. விஞ்ஞான வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த விபத்து இது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும்வரை பேரிங் தேய்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். எண்ணெய் ஒரு சில விநாடி நின்றாலும் உலோகம் உலோகத்தைத் தொடும், சூடேறி உருகி ஒட்டிக்கொள்ளும், என்ஜின் பிடித்துக்கொள்ளும். சாலைக் காருக்கு இந்த ஆபத்து அரிது. பந்தயப் பாதையில் அப்படி இல்லை. நீண்ட வளைவில் கார் வேகமாகத் திரும்பும்போது எண்ணெய்த் தொட்டிக்குள் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாக இருந்தால் எண்ணெயின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். உறிஞ்சுகுழாயின் வாய் காற்றில் திறந்துகொள்ளும். பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை அனுப்பும். அனுபவமுள்ள அணி, கார் வாங்கியதும் முதலில் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி உள்ளே சிறு தடுப்புத் தகடுகளைப் பற்றவைக்கிறது. ஒரு தகரத் துண்டும் ஒரு மணி நேர வெல்டிங் வேலையும் என்ஜினைக் காப்பாற்றுகின்றன.

இரண்டாவது, உலோகச் சோர்வு. நம்மை ஏமாற்றுவதில் இதற்கு இணை கிடையாது.

1842 மே மாதம் பாரிசுக்கும் வெர்சாய்க்கும் இடையே ஒரு ரயில் என்ஜினின் அச்சு உடைந்து, 50-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். நன்றாக இருந்த அச்சு, வழக்கமான பாரம். ஏன் உடைந்தது? பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி, எத்தனையாவது சுற்றில் உடைகிறது என்று பொறுமையாக எண்ணினார். ஒருமுறை ஏற்றினால் ஒன்றும் ஆகாத பாரம், பல லட்சம் முறை ஏறி இறங்கினால் அச்சை உடைத்துவிடுகிறது என்று கண்டார். கூடவே இன்னொன்றையும் கண்டார். பாரம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை முறை ஏற்றினாலும் எஃகு உடைவதில்லை. எஃகுக்கு அப்படி ஒரு எல்லை உண்டு. அலுமினியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. எவ்வளவு சிறிய பாரமாக இருந்தாலும் அது அலுமினியத்தின் கணக்கில் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இதை ஒரு மாருதி 800 காரின் கனெக்டிங் ராடில் வைத்துப் பார்ப்போம். அந்த என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 72 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 6,000 சுற்றில், மேல்முனையில் பிஸ்டன் திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 1,500 மடங்குக்கும் அதிகம். கால் கிலோ எடையுள்ள பிஸ்டன் அந்தக் கணத்தில் 400 கிலோவுக்கும் மேல் எடை தொங்குவதுபோல ராடை இழுக்கும். இந்த இழுப்பு சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஊருக்குள் 2,000 சுற்றில் ஓட்டும்போது வேகம் மூன்றில் ஒரு பங்கு. இழுப்பு ஒன்பதில் ஒரு பங்குதான்.

ஒரு லட்சம் கிலோமீட்டரை மணிக்குச் சராசரியாக 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய கார் 3,300 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். என்ஜின் 40 கோடி முறை சுழன்றிருக்கும். அத்தனை சுற்றும் எஃகு ராடின் எல்லைக்கு வெகு கீழே. வோலரின் கணக்குப்படி அந்த ராடு இன்னும் இளமையாகவே இருக்கிறது. அதே காரைப் பந்தயத்தில் 14 மணி நேரம் 5,000 சுற்றில் ஓட்டினால் மொத்தம் 42 லட்சம் சுற்றுகள்தான். 40 கோடிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த 42 லட்சமும் கனமான சுற்றுகள். ஏதோ ஒரு பாகத்தில் பழைய கீறல் ஒன்று ஒளிந்திருந்தால் அது வளர்வதற்கு இது போதும்.

ஆகவே நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்சென்று, மெயின் பஜாரில் காய்கறி ஏற்றிவந்து, இருபது வருடம் வாழ்ந்த ஒரு கார் பார்வைக்குக் கிழடாக இருந்தாலும், அதன் கிராங்கும் ராடும் பெரும்பாலும் புத்தம் புதிதுபோலத்தான் இருக்கும். ரப்பர் புஷ் வெடித்திருக்கும், ரேடியேட்டர் அடைத்திருக்கும், சீட்டில் ஸ்பிரிங் தெரியும். இவை எல்லாம் மலிவாக மாற்றக்கூடியவை. மாறாக, ஐந்தே வயதான, ஆனால் வெறிகொண்டு ஓட்டப்பட்ட காரின் உள்ளே சோர்வு நிறைந்திருக்கலாம். 500 டாலர் கார்கள் பந்தயத்தை முடித்துவிடுகின்றனவே என்று ஆச்சரியப்படுபவர்களுக்கு என் பதில் இதுதான்.

வெப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல பழைய என்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல் இரண்டு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள என்ஜினில் 80 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் கேஸ்கட் அந்த நகர்வைத் தாங்கியாக வேண்டும். தண்ணீர் குறைந்து ஒருமுறை ஓவர்ஹீட் ஆகிவிட்டால் ஹெட் வளையும், கேஸ்கட் போகும். பிரேக்கின் கதையும் வெப்பம்தான். 750 கிலோ எடையுள்ள சின்னக் காரை மணிக்கு 110 கிலோமீட்டரிலிருந்து 50-க்குக் குறைத்தால் ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலை வரை கொண்டுபோகும் அளவு வெப்பம் பிறக்கிறது. சுற்றுக்குச் சுற்று, வளைவுக்கு வளைவு அது சேரும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும் டாட் 3 எண்ணெய், ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ். மிதியை அமுக்கினால் குமிழ்தான் நசுங்கும், கார் நிற்காது. பழைய காரில் ஓட்டுபவரின் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள திரவம் இது. மாற்றுவதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

*

இனி பந்தயக் கணக்கு. ஒரு சுற்றுக்கு 2 நிமிடம், மொத்தம் 14 மணி நேரம் என்றால் 420 சுற்றுகள் ஓடலாம். நடுவில் 40 நிமிடம் பட்டறையில் நின்றால் 20 சுற்றுகள் போயின. அதை ஈடுகட்ட, மீதி நேரம் முழுவதும் ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட 6 விநாடி வேகமாக ஓட்ட வேண்டும். தேறிய ஓட்டுநர்களுக்கே ஒரு விநாடியைக் குறைப்பது பெரும்பாடு. எதிர்த்திசையில் யோசியுங்கள். என்ஜினின் சுற்று வேகத்தை வெறும் 10 சதவீதம் குறைத்து ஓட்டினால் ராடின் மேல் இழுப்பு 19 சதவீதம் குறைகிறது. சோர்வுக் கணக்கில் பாரம் இவ்வளவு குறைந்தால், எல்லைக்கு மேல் உழைக்கும் பாகத்தின் ஆயுள் இரண்டு மூன்று மடங்கு கூடும். சிலவற்றில் ஐந்து மடங்கையும் தாண்டும். இழப்போ நேர்ப்பாதையில் ஓரிரு விநாடி. நெடுநேரப் பந்தயத்தில் கியரைச் சீக்கிரம் மாற்றுபவர் முன்னால் வருவதன் காரணம் இந்தச் சமனின்மைதான். கொடுப்பது கொஞ்சம், பெறுவது மடங்குகளில்.

இந்தச் சமனின்மையை நெய்வேலி மிகப் பெரிய அளவில் அனுபவித்திருக்கிறது. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962-ல் ஓடத் தொடங்கியது. 1970-க்குள் ஒன்பது அலகுகள், மொத்தம் 600 மெகாவாட். 1990-களில் அதற்கு ஆயுள் நீட்டிப்பு வேலைகள் நடந்தன. கடைசி அலகுகள் நின்றது 2020-ல். 58 ஆண்டுகள். அனல்மின் நிலையத்தில் உயிரெடுப்பது தவழ்வு எனப்படும் இன்னொரு வகை முதுமை. 500 டிகிரிக்கும் மேல் சூடான நீராவியின் அழுத்தத்தில் எஃகுக் குழாய் ஆண்டுக்கணக்கில் மிக மெல்ல இழுபட்டு நீளும். உள்ளே நுண்துளைகள் தோன்றும். வெப்பம் ஒரு சில பத்து டிகிரி கூடினாலே அந்தக் குழாயின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடலாம். அதே அளவு குறைத்து ஓட்டினால் பல ஆண்டுகள் கூடும்.

இத்தகைய நிலையங்களின் மீதி ஆயுளை அளக்கப் பொறியாளர்கள் குழாயின் பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அமிலம் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை அதன் மேல் ஒட்டி உரித்து, அந்த அச்சை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். உலோகத் துகள்களின் எல்லைகளில் துளைகள் இருக்கின்றனவா, தனித்தனியாக இருக்கின்றனவா, கோர்த்துக்கொண்டு நிற்கின்றனவா என்று படிப்பார்கள். குழாய் எந்த வருடத்தில் பொருத்தப்பட்டது என்பது அங்கே ஒரு தகவல் மட்டுமே. தீர்ப்பு படலத்தில் இருக்கிறது.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு, பொதுத்துறை வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகிவிட்டது. புகை மாசு என்ற கோணத்தில் இதற்கு வலுவான நியாயம் உண்டு; பழைய என்ஜின் நகரத்தின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சாலையிலிருந்து இறக்கப்படும் இந்த வண்டிகள் எல்லாம் நேராக நொறுக்கும் இயந்திரத்துக்குப் போகும்போது, ஓர் அருமையான பாடப்புத்தகம் கூடவே நொறுங்குகிறது.

நம் பொறியியல் மாணவர்களுக்கு நெடுநேர ஓட்டம் புதிதில்லை. 2007 முதல் நடக்கும் பாஜா போட்டியில் இறுதியில் 4 மணி நேரம் மேடு பள்ளத்தில் ஓட்டம். கோவை கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் 22 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத்தான் அதிக மதிப்பெண். கேட்க எளிது, பல அணிகளின் கார் அதை முடிக்காமல் நடுவழியில் நின்றுவிடுகிறது. இவை நல்ல போட்டிகள். ஆனால் இரண்டிலும் மாணவர்கள் புதிய வண்டியைக் கட்டுகிறார்கள். புதியதைக் கட்டத் தெரிவது ஒரு கல்வி. ஏற்கெனவே வாழ்ந்த இயந்திரத்தின் உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று படிக்கத் தெரிவது இன்னொரு கல்வி. இரண்டாவதைக் கற்றுத்தர நம்மிடம் களம் இல்லை. வேலைக்குப் போனபின் நம் இளைஞர்களில் பெரும்பாலோர் பார்க்கப்போவது பழைய இயந்திரங்களைத்தான்: பழைய பாய்லர், பழைய பம்பு, பழைய கன்வேயர். இருங்காட்டுக்கோட்டையில் ஆண்டுக்கு ஒருமுறை, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்காக, ஓய்வு பெற்ற கார்களை வைத்து எட்டு மணி நேர ஓட்டம் ஒன்று நடத்தலாம். விலைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும். பாதுகாப்புக் கூண்டு, ஐந்து முனை பெல்ட், தீயணைப்பான், தீ தாங்கும் உடை, பிரேக் இவற்றை அமெரிக்கப் போட்டியைப் போலவே வரம்புக்கு வெளியே வைக்க வேண்டும். அவற்றில் யாரும் சிக்கனம் பார்க்கக்கூடாது.

ஒரு விதியை மட்டும் நான் கூடுதலாகக் கேட்பேன். பந்தயத்துக்கு முந்தின நாள் ஒவ்வொரு அணியும் தன் காரின் வீல் ஹப், ஸ்டியரிங் நக்கிள், டை ராடு, கீழ் ஆர்ம் இவற்றைக் கழற்றி மேசையில் வைக்க வேண்டும். வேகத்தில் இவற்றில் ஒன்று உடைந்தால் ஓட்டுநரால் எதுவும் செய்ய முடியாது. பாகங்களை நன்றாகத் துடைத்து, ஸ்பிரே டப்பாவில் கிடைக்கும் சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறலுக்குள்ளும் சாயம் இறங்கிவிடும். பிறகு பரப்பில் உள்ளதைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடிக் கரைசலை மேலே அடிக்க வேண்டும். ராட்சத இயந்திரங்களின் வெல்டிங்கைச் சோதிக்கவும் தொழிற்சாலைகளில் இதே முறைதான். கீறல் இல்லாத பாகம் வெள்ளையாகவே இருக்கும். கீறல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் கசிந்து மேலே வந்து, சில நிமிடங்களில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று எழும். அந்தக் கோடு தெரிந்த பாகம் மறுபடி காரில் ஏறக்கூடாது.